நாற்பத்தொன்றாம் எண் இதயம்

9

அந்த மஞ்சள் தாள் இன்னும் என் கோட்டுப் பைக்குள்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலையே அதை டாக்டர் மன்னெல்லியின் பெட்டியில் போட்டிருக்க வேண்டும். பெட்டி வரைக்கும் போனேன். அதன் வாயில் தாளின் ஒரு முனையை நுழைக்கவும் செய்தேன். பிறகு, கடையில் எதையோ தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் திரும்புகிறவளைப் போல, எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தாளில் இருந்தது ஒரே ஒரு எண். நாற்பத்தொன்று.

எங்கள் விளையாட்டு மருத்துவ மையத்தில் இந்த இலையுதிர்காலம் முழுக்க நான் ஸ்கேன் படங்களில் இதயங்களை அளந்துகொண்டிருக்கிறேன். அறுபது பேர். எல்லாரும் இருபத்தைந்து வயதுக்குள், எல்லாரும் போட்டிகளில் இறங்குகிறவர்கள். அதில் முப்பது பேருக்கு, இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் பெரிய வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் பிறவியிலேயே இரண்டுதான். மீதி முப்பது பேர் குறை எதுவும் இல்லாதவர்கள். இரண்டிதழ்க்காரர் ஒவ்வொருவரோடும் ஒப்பிட, அதே விளையாட்டிலிருந்து, முடிந்தால் அதே அணியிலிருந்து எடுத்த ஒருவர். இந்த இரண்டு கூட்டத்தின் இதயத் தசையும் ஒரே மாதிரி வேலை செய்கிறதா என்பதுதான் மன்னெல்லியின் கேள்வி.

அளக்கிறவளுக்கு யார் எவர் என்று தெரியக் கூடாது. பெயர் இருக்காது, வயது இருக்காது. வால்வு தெரியும் பகுதியையும் வெட்டிவிட்டுத்தான் படம் என்னிடம் வரும். எண்களுக்குரிய பெயர்ப் பட்டியல் மன்னெல்லியின் இழுப்பறையில் பூட்டியிருக்கும். படத்தில் ஆபத்து ஏதாவது தென்பட்டால், மஞ்சள் தாளில் எண்ணை மட்டும் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். அவர் பட்டியலைத் திறப்பார். அன்றே அந்தப் பிள்ளையின் தகுதிச் சான்றிதழ் நிறுத்தி வைக்கப்படும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் எங்கள் ஊரில் யாரும் போட்டிப் படகில் கால் வைக்க முடியாது.

என் மகள் அம்ப்ரா அந்த இரண்டிதழ்க்காரர்களில் ஒருத்தி. பதின்மூன்று வயதில், கிளப்பில் சேர்வதற்கான முதல் பரிசோதனையிலேயே தெரிந்துவிட்டது. இப்போது பத்தொன்பது. ஆறு வருடமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள், அளக்கிறார்கள், 'துடுப்புப் போடலாம்' என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அவள் இதயத்தை நான் ஒருமுறைகூடப் பரிசோதித்ததில்லை. என் தோழி ரோசான்னாதான் பார்ப்பாள். நான் வெளியே நடைபாதையில், மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாற்பத்தொன்றாம் எண்ணைத் திறந்தபோது, அது என் மகள் என்று எனக்குத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

மறுநாள், சனிக்கிழமை, பத்து மணிக்கு அம்ப்ராவுக்குத் தேர்வு. ஆர்னோ ஆற்றில், இரட்டையர் படகில், தேசிய அணிக்கு ஆள் எடுப்பவர் முன்னால்.

*

அன்று காலை ஏழரைக்கே நான் மறுபடி அந்த அறையில் இருந்தேன். படம் தெளிவாகத் தெரிய இருட்டு வேண்டும் என்பதால் ஜன்னல் பலகைகள் எப்போதும் சாத்தியிருக்கும். வெளியே ஆட்கள் ரொட்டி வாங்கப் போகும் சத்தம். உள்ளே, சாம்பல் நிறத்தில் ஒரு இதயம்.

திரையில் இதயம் தலைகீழாகத்தான் தெரியும். கூர்முனை மேலே, அகன்ற பாகம் கீழே. பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். இன்னும் சில காலைகளில் அது என்னைத் திரும்பிப் பார்ப்பது போல் இருக்கும்.

பதிவுகளில் சத்தம் கிடையாது. சில வினாடித் துண்டுகள். முடிந்ததும் தானாக முதலிலிருந்து ஓடும். அந்த இதயத்துக்குரியவர் மேசையிலிருந்து எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் மூன்று வாரம் ஆகிவிட்டது. சாப்பிட்டிருப்பார், தூங்கியிருப்பார், யாரையோ முத்தமிட்டிருப்பார். இங்கே அவருடைய இதயம் மட்டும் அந்தப் பழைய புதன்கிழமையை விட்டு நகராமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. நான் நிறுத்தினால் நிற்கும். விரலை எடுத்தால் தொடரும்.

படுத்திருப்பவரின் கையில் ஒரு பிடியைக் கொடுத்து, தன் பலத்தில் பாதிக்கு இறுக்கச் சொல்வோம். மூன்று நிமிடம். கை இறுக இறுக இதயத்துக்குப் பாரம் கூடும். நல்ல இதயத்தின் கூர்முனை அப்போது இன்னும் அழுத்தமாகச் சுருங்கும்.

நாற்பத்தொன்றில் முதல் நிமிடம் அப்படித்தான் சுருங்கியது. இரண்டாவது நிமிடமும். மூன்றாவதில், பிடித்திருந்த கையை யாரோ மெல்ல விடுவதைப் போலக் கூர்முனை தளர்ந்தது. கீழே ஓடும் கோட்டில் மூன்று துடிப்புகள், தங்கள் முறை வருவதற்கு முன்பே, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வந்தன. பிறகு ஒரு வெற்றிடம். பிறகு உள்ளேயிருந்து கதவைத் தட்டுவது போல ஒரு பெரிய துடிப்பு.

பதிவெடுத்த மாணவன் அந்த நேரத்தில் ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டிருந்திருப்பான்.

அந்த வெற்றிடத்தை எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்த விஷயமே அல்ல அது. என் நெஞ்செலும்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து, என்னை அணைத்துக்கொண்டிருந்த ஒரு உடம்பிலிருந்து, அது என்மீது ஒருமுறை நிகழ்ந்திருக்கிறது. துடிப்பு, துடிப்பு, ஒன்றுமில்லாமை, ஒரு குத்து. என்னை அப்படி அணைத்துக்கொள்ள என் மகளைத் தவிர யார் இருக்கிறார்கள்?

மறுபடி ஓடவிட்டேன். மறுபடியும். ஏழாவது முறையோ எட்டாவது முறையோ, அதைவிட மோசமான ஒரு எண்ணம் வந்தது. ஆறு வருடமாக நான் இதற்காகக் காத்திருக்கிறேன். ஒவ்வொரு கையெழுத்துக்குப் பிறகும், நல்லபடியாக முடிந்தது என்று ரோசான்னா வெளியே வந்து சிரித்தபோதெல்லாம், எனக்குள் ஒருத்தி 'இன்னும் வரவில்லை' என்று குறித்துக்கொண்டாள். இப்போது வந்துவிட்டது என்று அவள்தான் சொல்கிறாளா? திரையில் இருப்பதைப் பார்க்கிறேனா, பார்க்க விரும்பியதைத் திரையில் வைக்கிறேனா?

“சனிக்கிழமையுமா? வீட்டுல துரத்திட்டாங்களா?”

கதவருகில் மன்னெல்லி. இரண்டு கையிலும் காபி. நான் படத்தை மூடினேன். திருடியவளின் வேகம் என் விரலில் இருந்ததை அவர் கவனித்தாரோ என்னவோ.

“இன்னிக்கு உங்க பொண்ணுக்குப் போட்டின்னு சொன்னீங்களே, லொரெதானா?”

“பத்து மணிக்கு.”

“அப்போ இங்க என்ன வேலை? போய்க் கரையில நின்னு கத்துங்க. அம்மாக்கள் கத்தலேன்னா படகே நகராது.” ஒரு காபியை என் முன்னால் வைத்தார். திரையைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. “ஏதாவது இருக்கா?”

கேட்டது சாதாரணமாகத்தான். வாரத்துக்கு ஒருமுறை கேட்பார்.

“இல்ல” என்றேன்.

காபியைக் குடித்தேன். நாக்கு சுட்டது. ஒரு மஞ்சள் தாள் அவளிடம் போய்ச் சேர்வதற்குமுன் நான் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சான்றிதழை நிறுத்துகிறோம் என்று யாரோ ஒரு குரல் கிளப்புக்குப் போன் செய்து, எல்லார் முன்னாலும் அவளைப் படகிலிருந்து இறக்கக் கூடாது. நான் சொன்னால் அது வேறு. நான் அம்மா.

அது உண்மையும்தான். ஆனால் அதன் அடியில் இன்னொன்று இருந்தது. இந்த ஒரு தடவையாவது, அவள் இதயத்தைப் பற்றி அவளிடம் சொல்கிறவள் நானாக இருக்க வேண்டும்.

*

ஒன்பதரைக்கு ஆற்றங்கரையில் பனி விலகத் தொடங்கியிருந்தது. எதிர்க்கரையின் நெட்டை மரங்கள் மேல்பாதி மட்டும் தெரிந்தன. வேர் இல்லாமல் நின்றன. கிளப்பிலிருந்து முந்நூறு மீட்டர் கீழே தடுப்பணை. அதன் இரைச்சல் பனிக்குள் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை.

அம்ப்ராவும் ஸ்வேவாவும் படகை மரக்கால்கள் மேல் வைத்துத் துடுப்புத் தாங்கிகளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்வேவாவுக்கும் பத்தொன்பதுதான். பதின்மூன்று வயதிலிருந்து ஒரே படகில் முன்னும் பின்னுமாக உட்காருகிறவர்கள். ஸ்வேவாவின் அம்மா எம்போலி ஊரில் பேருந்து ஓட்டுகிறாள்; மாலை முறை வருகிற நாட்களில் ஸ்வேவா எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள், தூங்குவாள்.

“என்னம்மா, ஆஸ்பத்திரி மூஞ்சியோட வந்திருக்க?” என்றாள் அம்ப்ரா.

“லொரெதானா, உங்க வீட்டுக்குப் புது ஆலிவ் எண்ணெய் வந்துடுச்சாமே!” ஸ்வேவா கையிலிருந்த ஸ்பேனரை ஆட்டிக் காட்டினாள். “நாங்க ஜெயிச்சா பூண்டு தேய்ச்ச ரொட்டி, எண்ணெய் சொட்டச் சொட்ட. தோத்தாலும் அதேதான்.”

“முதல்ல படகை ஓட்டு, அப்புறம் வாயை ஓட்டு” என்று ஆற்றை ஒட்டிய மரத்தளத்திலிருந்து கத்தினான் ஃபுல்வியோ. என் கணவன். அந்தக் கிளப்பின் பயிற்சியாளன். அவன் பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒருவர் நின்றிருந்தார். ஆள் எடுக்க உரோமிலிருந்து வந்தவர்.

நான் அம்ப்ராவின் முழங்கையைப் பிடித்தேன்.

“இன்னிக்கு இறங்காதே.”

“என்னது?”

“ஒரு பதிவு பார்த்தேன். கையில பிடியைக் கொடுத்து எடுத்தாங்களே, அது. உன்னோடது.”

“என் பேர் போட்டிருந்துதா?”

“நம்பர்தான்.”

“அப்புறம் என்னோடதுன்னு?”

“எனக்குத் தெரியுது.”

அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தோளுக்குமேல் திரும்பி, “அப்பா! இங்க வா. உன் பொண்டாட்டி குறி சொல்ல ஆரம்பிச்சுட்டா” என்றாள்.

ஃபுல்வியோ வந்தான். நீலக் கோட்டுக்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டான். “லோரி, செப்டம்பர்லதான் ரோசான்னா பார்த்தா. மார்ச் வரைக்கும் கையெழுத்து இருக்கு.”

“இது அதுக்கு அப்புறம் எடுத்தது.”

“மன்னெல்லி என்ன சொல்றார்?”

“அவர்கிட்ட இன்னும் சொல்லல.”

“சொல்லலையா? அவர்கிட்ட சொல்லாம நேரா இங்க வந்து, இன்னிக்கு, இந்த ஆள் முன்னாடி…” நீலக் கோட்டுக்காரரைக் கண்ணால் காட்டினான்.

“அவ என்னைப் பார்க்கறப்போ என்ன தெரியுதுன்னு கேளுப்பா” என்றாள் அம்ப்ரா. கண் கலங்கவில்லை, அதுதான் என்னைச் சுட்டது. “என் மூஞ்சி தெரியுதா, அந்த ரெண்டு இதழ் தெரியுதா? பதிமூணு வயசுலேர்ந்து எனக்குக் கருமாதி பண்ணிக்கிட்டே இருக்கா.”

“கூர்முனை தளர்ந்துபோச்சு அம்ப்ரா. மூணு துடிப்பு சேர்ந்தாப்பல வந்துது. அப்புறம் நின்னுது.”

“எவ்வளவு நேரம்?”

கேட்டது ஸ்வேவா. படகின் அந்தப் பக்கத்தில், ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு.

“ரெண்டு வினாடிகூட இருக்காது.”

“அந்த மாதிரி வந்தா… அவங்களுக்கே தெரியுமா?”

“தொண்டையில ஏதோ புரண்ட மாதிரி இருக்கும். சில பேருக்குக் கண்ணை இருட்டும்.”

ஸ்வேவா தலையாட்டினாள். ஏற்கனவே இறுகியிருந்த திருகாணியை மறுபடி இறுக்கத் தொடங்கினாள்.

“எனக்கு அப்படியெல்லாம் ஒருநாள்கூட ஆனதில்ல!” என்று அம்ப்ரா கத்தினாள். “ஒருநாள்கூட இல்லம்மா!”

அதை நான் காதில் வாங்கவில்லை. பதினெட்டு வருடமாக, படுத்திருப்பவர்கள் சொல்வதைக் கேட்காமல் படத்தைப் பார்க்கப் பழகியவள் நான்.

அவள் முழங்கையை என் இரண்டு கைகளும் இன்னும் இறுகப் பிடித்திருந்தன. அம்ப்ரா அவற்றைத்தான் பார்த்தாள். என்மீதிருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதற்குள் ஒரு பயம் நுழைவதை என்னால் பார்க்க முடிந்தது. நான் நுழைத்த பயம்.

“சரி” என்றாள். கிளப் பனியனைத் தலைவழியாகக் கழற்றி மரக்காலில் தொங்கவிட்டு, மேல்சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். “இறங்கல. ஆனா இதுக்கு நான் உன்னை மன்னிக்கவே மாட்டேன். இன்னிக்கே சொல்லிடறேன், பின்னால தெரியாதுன்னு சொல்லாதே.”

ஃபுல்வியோ நீலக் கோட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கடிகாரத்தை. “ஸ்வேவா, ஒத்தைப் படகை எடு. மனுஷர் இவ்வளவு தூரம் வந்திருக்கார். ஒருத்தியையாவது பார்த்துட்டுப் போகட்டும்.”

“ஃபுல்வியோ, நான் ஒண்ணு சொல்லணும்…”

“முடிச்சுட்டு வந்து சொல்லு. பத்து நிமிஷம்தான் இருக்கு.”

ஸ்வேவா என்னைப் பார்த்தாள். ஆறு வருடம் என் மேசையில் சாப்பிட்ட முகம். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்பதற்கு மேல் அந்த முகத்தை நான் பார்த்ததே இல்லை என்பது அந்தக் கணத்தில் எனக்குத் தோன்றியது. தோன்றியது, போய்விட்டது. அவள் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு நீரை நோக்கி நடந்தாள்.

*

படகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று மன்னெல்லியைக் கூப்பிட்டேன். தாளைப் பற்றிச் சொன்னேன். வெள்ளிக்கிழமை எழுதியதைச் சொன்னேன். காலையில் பொய் சொன்னதையும்.

அவர் திட்டவில்லை. சாவி திரும்பும் சத்தம் கேட்டது. காகிதங்கள் புரளும் சத்தம். விரல் ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழே இறங்குவது எனக்குக் கேட்டது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

“லொரெதானா. நாப்பத்தொண்ணு உங்க பொண்ணு இல்ல.”

நான் சுவரில் சாய்ந்தேன். ஈரச் சுண்ணாம்பு முதுகில் ஒட்டியது. அந்த ஒரு மூச்சு நேரத்துக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல இப்போது கூசுகிறது. வானம் கீழே இறங்கி என்னைத் தொட்டது போல் இருந்தது.

“நிச்சயமாவா?”

“உங்க பொண்ணு பன்னெண்டு. நீங்க போன மாசமே அளந்து, ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டீங்க.”

பன்னிரண்டு. அந்த எண்ணை நினைவுபடுத்திப் பார்த்தேன். எதுவும் வரவில்லை. என் மகளின் இதயத்தை, ஒரு சலனமும் இல்லாமல், அளந்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறேன்.

“நாப்பத்தொண்ணு ரெண்டிதழ்க்காரங்க பக்கத்துலயே இல்ல” என்றார் அவர். குரல் மாறியிருந்தது. “அடுத்த பக்கத்துல இருக்கு. நல்லா இருக்கறவங்க பக்கத்துல.”

தடுப்பணையின் இரைச்சல் திடீரென்று பக்கத்தில் கேட்டது.

“இப்போ நான் பேரைச் சொல்லப் போறேன். சொல்லக் கூடாது. ஆனா அது உங்க கிளப். உங்க பொண்ணோட அதே படகுலேர்ந்துதான் நான் எடுத்தேன். அந்தப் பொண்ணு இன்னிக்குத் தண்ணியில இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸை நான் அனுப்பறேன்.”

பெயரை அவர் சொல்வதற்குமுன்பே நான் ஓடத் தொடங்கியிருந்தேன்.

ஓடும்போது ஒன்று மட்டும் கூடவே ஓடி வந்தது. என் நெஞ்செலும்பு பொய் சொல்லவில்லை. அந்த வெற்றிடம் உண்மையிலேயே என்மீது நிகழ்ந்திருக்கிறது. போன ஈஸ்டருக்கா, அவள் பிறந்த நாளுக்கா? எந்த வாசலில், எந்த அணைப்பில்? நான் அதை வாங்கிக்கொண்டு, உள்ளே கொண்டுபோய், என் மகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

*

“நிறுத்து! அவளை நிறுத்து ஃபுல்வியோ!”

“மேல பாலத்துலேர்ந்து இங்க வரக் கிளம்பியாச்சு லோரி. ரெண்டு நிமிஷம் ஆச்சு.”

“அது ஸ்வேவா. நான் பார்த்த அந்தப் பதிவு ஸ்வேவாவோடது.”

அவன் முகத்திலிருந்து எல்லாம் வடிந்தது. அப்போது நான் அதை அதிர்ச்சி என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வாக்கி-டாக்கியில் பின்தொடர்ந்து வரும் மோட்டார் படகைக் கூப்பிட்டான். அங்கிருந்தவரின் குரல் இரைச்சலோடு வந்தது. பாலத்துக்குக் கீழே பனி மறுபடி இறங்கிவிட்டது, முன்னால் எதுவும் தெரியவில்லை, வேகத்தைக் குறைத்திருக்கிறேன் என்றார். துடுப்புச் சத்தம் கேட்கிறதா என்று ஃபுல்வியோ கேட்டான்.

“கேட்டுது” என்றது குரல். “இப்போ கேக்கல.”

அம்ப்ரா என்ன என்று கேட்கவே இல்லை. கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்த, நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவிப் பெட்டியை இழுத்து எடுத்து என் கையில் திணித்தாள். செருப்பை உதறிவிட்டு, ஒலிபெருக்கிக் குழலோடு தளத்தின் விளிம்புக்குப் போனாள்.

“ஸ்வேவா! நிறுத்துடி! விடு, துடுப்பை விடு! ஸ்வேவா!”

அவள் குரல் வெண்மைக்குள் போனது. திரும்பி வரவில்லை. எங்கள் ஆற்றில் எப்போதும் எதிர்க்கரையிலிருந்து குரல் திரும்பி வரும். அன்று வரவில்லை.

நீலக் கோட்டுக்காரர் தொப்பியைக் கழற்றினார். ஏன் கழற்றினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த ஆளை அடிக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு படகு தெரிந்தது.

துடுப்புப் போடுகிறவர்கள் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். முடிவுக் கோட்டில் நிற்கிறவர்களுக்கு முதலில் தெரிவது முதுகு. அந்த முதுகு நேராக இருந்தது. தலை நேராக இருந்தது. இரண்டு துடுப்புகளும் இரு பக்கமும் நீரின்மேல் தட்டையாகக் கிடந்தன, ஒன்றும் அசையவில்லை. ஒரு சத்தமும் இல்லாமல், நீரோட்டம் தூக்கி வருகிற வேகத்தில், படகு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“ஸ்வேவா” என்றாள் அம்ப்ரா, இப்போது குழல் இல்லாமல்.

முதுகு திரும்பவில்லை.

அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமானால் படகு எங்களைக் கடந்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான இதயங்களை நான் முகம் இல்லாமல் பார்த்திருக்கிறேன். ஒரு முகத்துக்காக அதுவரை அப்படிக் காத்திருந்ததில்லை. பத்து மீட்டர். ஐந்து. கழுத்தின் பின்புறம், ஈர முடி, பனியனில் கிளப்பின் சிவப்புக் கோடு. பெட்டியின் கைப்பிடி என் உள்ளங்கையில் அறுத்தது.

அம்ப்ரா குதித்தாள். இடுப்பளவு நீரில் தள்ளாடிப் போய்ப் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்தாள். நீரோட்டம் இரண்டையும் சேர்த்து இழுத்தது; அவள் விடவில்லை. படகு அவள் பிடியைச் சுற்றி மெல்லத் திரும்பியது. முகம் தெரிந்தது.

கண்கள் திறந்திருந்தன. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. வலது கையின் இரண்டு விரல்கள் கழுத்தோரத்தில். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எண்ணிக்கொண்டிருந்தாள்.

நானும் இறங்கினேன். குளிர் முழங்காலைக் கடித்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒழுங்கில்லாமல், ஆனால் ஓடியது. ஓடியது.

“வந்துடுச்சு” என்றாள் ஸ்வேவா, மூச்சுக்கு நடுவில். “கொஞ்ச நேரம் இல்ல. இப்போ வந்துடுச்சு.”

“பேசாதே. எழுந்திருக்காதே. ஆம்புலன்ஸ் வருது.”

“அந்த நம்பர் நான்தானே?”

நான் தலையாட்டினேன்.

“நீங்க படகுப் பக்கத்துல சொன்னப்பவே தெரிஞ்சுது. தொண்டையில புரள்றதுன்னீங்களே.” ஒரு சிரிப்பு மாதிரி வந்தது. “அதுக்குத்தான் உங்க ஆராய்ச்சியில சேர்ந்தேன் லொரெதானா. நான் வாயைத் திறக்காமலே அந்த மெஷின் பார்த்துச் சொல்லிடும்னு. மூணு வாரம் யாரும் கூப்பிடல. சரி, ஒண்ணும் இல்லபோலன்னு நெனச்சுட்டேன்.”

என் கையிலிருந்த மணிக்கட்டு சின்னதாக இருந்தது. அதை நான் விடவில்லை.

“எவ்வளவு நாளாடி?” என்றாள் அம்ப்ரா. பற்கள் கிட்டியிருந்தன. “என்கிட்ட ஏன் சொல்லல?”

“மார்ச்லேர்ந்து. உன்கிட்ட எப்படிச் சொல்றது? உனக்குத்தானே எப்பவும் இருந்துது அது.”

“யார்கிட்டயுமே சொல்லலையா?”

எனக்கு மேலே, தளத்தை நோக்கி ஸ்வேவாவின் கண் போய்த் திரும்பியது. அம்ப்ராவின் கை கம்பியில் இருந்தது. அவள் விரல்களின்மேல் ஸ்வேவா தன் கையை வைத்தாள், விழுவதற்குமுன் எதையாவது பிடித்துக்கொள்கிறவளைப் போல.

“ஏப்ரல்ல ஒருதடவை கரையில விழுந்தேன். அப்போ சொன்னேன். சாப்பிடாம வந்திருப்பே, வெளியில சொல்லாதே, சொன்னா உன் சர்ட்டிஃபிகேட்டை நிறுத்திடுவாங்க, அம்ப்ராவுக்கும் படகு போயிடும்னு…” அவள் நிறுத்தினாள். “கெட்ட எண்ணத்துல சொல்லல அவர். சத்தியமா.”

தளத்தில் பலகை கிறீச்சிட்டது. ஃபுல்வியோ எங்களுக்கு இரண்டடி மேலே, விளிம்பில் நின்றிருந்தான். அவன் சொல்லியிருக்க முடியும், அப்போதே, ஏதாவது ஒன்றை. வாக்கி-டாக்கி அவன் கையில் தனக்குத்தானே இரைந்துகொண்டிருந்தது.

அம்ப்ராதான் முதலில் நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்பா?” என்றாள்.